கன்னிக்கு எடுத்த சேலை

எங்கள் வீட்டில் என் அத்தைக்கு எப்போதும் வயது பதினாறுதான். நான் தொட்டிலில் கிடந்தபோதும் பதினாறு, எனக்கு முப்பது தாண்டித் தலையில் நரை எட்டிப் பார்த்தபோதும் பதினாறு. அவள் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். தாலி ஏறாமல் செத்த பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகமாட்டாள், போக அவளுக்கு வேறு வீடு கிடையாது என்பது திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. அப்படிப்பட்டவளைக் கன்னி என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிடுவார்கள்.

ஆக, கல்யாணம் ஆகாமல் பிறந்த வீட்டோடு தங்கிவிட்ட பெண்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருத்திக்கு விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். இன்னொருத்தி நான்.

டவுணில் ரத வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்னால் பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் பெரிய கூடம். அதைத் தாண்டினால் ஜன்னல் இல்லாத உள்ளறை, அதற்கு அரங்கு என்று பெயர். அப்புறம் அடுப்படி, புறவாசல். புறவாசலைத் திறந்தால் ஆள் ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய ஒரு முடுக்கு, அது அடுத்த தெருவில் போய் முட்டும். அரங்கில் ஒரு பலகையின் மேல் மூடிபோட்ட ஓலைப்பெட்டி இருந்தது. அத்தை அதற்குள்தான் குடியிருந்தாள். கண்ணாடி வளையல், சீப்பு, சாந்துப்பொட்டு, ஒரு பாவாடை தாவணி. முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருப்போம்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் புதுத்துணி எடுத்து, மாவிளக்கு வைத்துப் படைப்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் துணி அவளுக்குத்தான். பெட்டியிலிருந்த பழைய வருஷத்துத் துணியை வெளியே எடுத்து, வீட்டில் கல்யாணமாகாத பெண்ணுக்கு உடுத்தக் கொடுப்பார்கள். அந்தப் பெண் நான். பாவாடை இடுப்பில் நிற்கிற வயதிலிருந்து கன்னியின் துணியை உடுத்தி வளர்ந்தவள். ஒரு வருஷம் பெட்டிக்குள் இருந்த துணிக்குத் தனி வாசனை உண்டு. சாம்பிராணியும் ஓலையும் இருட்டும் கலந்த வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், "ஒம்மேல என்னட்டி கோயில் வாசம் வருது?" என்று மூக்கைச் சுருக்குவாள்.

எனக்கு இருபத்தைந்து நடந்தபோது என்று நினைக்கிறேன், பெட்டியில் பாவாடை தாவணிக்குப் பதிலாக ஒரு சேலையை வைத்தாள் அம்மா. வேலைக்குப் போகிற பெண் தாவணி போட்டுக்கொண்டு போகமுடியாது, யோசித்துத்தான் செய்திருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். கூடவே வைத்த ரவிக்கை என் அளவில் தைத்திருந்தது. பிறகு நான் கொஞ்சம் பூசினாற்போல் ஆனேன், கன்னியும் பூசினாள். எனக்கு முழங்கை வரைக்கும் கை வைத்துத் தைப்பது பிடித்துப்போனது, கன்னிக்கும் அதுவே பிடித்தது. பதினாறு வயதில் நின்றுபோனவளை என்னோடு சேர்த்து நடத்திக் கூட்டிவந்துவிட்டாள் அம்மா. அது எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் ஆப்பரேட்டர், வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடுவது வேலை. டவுணிலிருந்து பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டும். காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் அப்புறம் எனக்கு உருவம் கிடையாது, குரல்தான். ஊர் ஊராக என் குரலைக் கேட்டிருப்பார்கள், என்னை யாரும் பார்த்ததில்லை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் இல்லை. முதலில் ஜாதகம் பொருந்தவில்லை. அப்புறம் வயது பொருந்தவில்லை. கடைசியாக வந்தவன் எனக்கே பொருந்தவில்லை. டூட்டி முடிந்து வந்து, அடுப்படியில் சம்மணம் போட்டு அம்மா கையால் ஒரு காபி குடித்துக்கொண்டு, அப்பாவிடம் உள்ளூர் வம்பு பேசுவது எனக்குப் பிடித்திருந்தது. என் வீடு எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏதோ மறைக்கிறாள் என்பார்கள்.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். அவனும் அதே வீட்டில்தான் இருந்தான். அதே அம்மா கையால் சாப்பிட்டான். ஊர் அவனைப் பற்றிச் சொல்லும், "தங்கமான பிள்ளை. மெட்ராசுக்குப் போவோம்னு பறக்காம அப்பா அம்மாவ வச்சுப் பாக்கான்." அவன் கைக்குட்டையைக்கூட அம்மாதான் துவைத்தாள் என்பது ஊருக்குத் தெரியாது. அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான். கேஸ் தீர்ந்தால் சொல்லிவைப்பவள் நான். வீட்டில் போன் வந்ததே என் வேலையால்தான். என்னைப் பற்றி ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"இன்னும் வீட்லதான் இருக்காளா?"

அதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பிக்குப் பெண் தேட ஆரம்பித்ததும் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு சம்பந்தம் கூடிவந்து கலைந்தது. மூத்த நாத்தனார் வீட்டோடு இருக்கிறாளாம் என்பதுதான் இரண்டுக்கும் காரணம். மூன்றாவதாகச் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு இடம். பெண்ணுக்குத் தாயில்லை, பெரியம்மாதான் வளர்த்திருந்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கக் கார்த்திகையில் ஒரு நாள் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"அன்னைக்கு ஒனக்கு டூட்டி இருக்குல்லா?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"இல்லப்பா, ஆஃப்."

"டூட்டி இருந்தா நல்லாருக்கும்."

சரி என்று கேட்டு வாங்கிக் காலை டூட்டி போட்டுக்கொண்டேன். ஆனால் அவர்கள் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, பஸ் தப்பி மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார்கள். நான் முடுக்கு வழியாக வந்து புறவாசலில் கால் வைத்தபோது பட்டாசலில் ஆள்சத்தம் கேட்டது. அடுப்படி வரைக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்காக அம்மா யாரையோ கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். போக வேறு இடமில்லாமல் அரங்குக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அரங்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல காரியம் பேச்சு நடக்கிற நாள் என்பதால் பெட்டியைத் திறந்து, சேலையையும் ரவிக்கையையும் எடுத்து மேலே வைத்திருந்தாள் அம்மா. பெண்ணின் பெரியம்மா நிலைப்படியில் நின்றாள். கனத்த உடம்பு, பெரிய குங்குமம். கதவின் இடுக்கு வழியாக அவளை நேரே பார்க்க முடியவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடியில்தான் பார்த்தேன்.

"இது என்னது மதினி?"

"எங்க வீட்டுக் கன்னி."

அந்தம்மாள் குனிந்து ரவிக்கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். என் அளவு. முழங்கை வரைக்கும் கை.

"வளந்த பிள்ளையால்லா இருந்திருக்கு," என்றாள். குரல் உடைந்தது. "மூத்தது ஒரு பொண்ணுன்னு தரகர் சொன்னாரு. இந்த அளவுக்கு வளந்த பிள்ளையவா மதினி பறிகொடுத்திய?"

இல்லை, அது என் நாத்தனார், பதினாறு வயது, என் மகள் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறாள் என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை அவள் விடவில்லை. அழுதாள். எதற்கு அழுதாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் அழுகை சரியான சமயத்தில் வந்துவிட்டது. பெரியம்மா தன் தலையிலிருந்த பிச்சிப்பூவைக் கிள்ளிப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண் கண்ணாடியில் போய் நின்றது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் கண்ணும் அங்கே சந்தித்தன. அவள் பின்னுக்கு நகர்ந்து போய்விட்டாள்.

அவர்கள் போனதும் நான் வெளியே வந்து கத்தினேன். அம்மா தலை குனிந்துகொண்டு அரிசி புடைத்தாள், சாயங்காலம் அரிசி புடைக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"எக்கா, அவுகளா நெனச்சுக்கிட்டாவ," என்றான் தம்பி. "நாம ஒண்ணும் பொய் சொல்லலியே."

"தாலி ஏறட்டும். பொறவு பைய சொல்லிக்கிடலாம்," என்றார் அப்பா.

"பொறவு நான் எங்க இருந்து முளைச்சு வரணும்ப்பா? பெட்டிக்குள்ள இருந்தா?"

நான் இருக்கிறேன் என்று சொன்னால் தம்பி கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் நான் செத்தவள். இதில் எதைப் பிடிப்பது என்று நானே தீர்மானிக்கட்டும் என்பதுபோல் மூன்று பேரும் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மா இருத்தலில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் தீர்மானமாகும்.

தெருவில் விசாரித்தால் உடைந்துவிடும் என்று கொஞ்சம் நம்பிக்கையோடுதான் இருந்தேன். விசாரிக்கவும் ஆள் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்னதை அவளே வந்து பெருமையாகச் சொன்னாள். "மூத்ததப் பத்திக் கேக்காதிய, அந்தம்மா மனசு தாங்காது, நல்ல பிள்ளை, அது தலையெழுத்து அப்படி ஆயிட்டுன்னு சொல்லி அனுப்பிட்டேன்." அவள் பொய் சொல்லவில்லை. நான் கல்யாணமாகாமல் உயிரோடு இருப்பதை வைத்துத்தான் அவ்வளவையும் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மார்கழி முழுக்க நான் முன்வாசலைப் பயன்படுத்தவில்லை. சேரன்மகாதேவிக்காரர்கள் எந்த நேரமும் வந்துபோனார்கள். பட்டாசலில் இருந்த என் நாற்காலி மேலே மச்சுக்குப் போனது. கொடியில் என் சேலைகள் காயவில்லை, அரங்குக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள் அம்மா. காலை டூட்டிக்கு, விடிந்தும் விடியாத பனியில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு முடுக்கு வழியாக நடப்பேன். அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த பூக்காரி ஒருத்தி, ஒரு நாள் என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் கடந்துபோகிறவரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து புறவாசல் படியில் ஒரு முழம் பிச்சிப்பூ இருக்கும். அவள் பணம் கேட்டு வந்ததில்லை. அம்மா அதை எடுத்துப் பாதியைப் பெட்டிமேல் வைப்பாள், பாதியை என் தலையில் வைப்பாள்.

சாப்பாடும் அப்படித்தான் ஆனது. என் தட்டைப் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு அப்புறம் என்னிடம் நீட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, "கையில எடுத்துட்டு வந்தேன், கனத்துச்சு, வச்சேன்," என்றாள். மறுநாளும் கனத்தது. தம்பி ஒரு நாள் சாப்பிடும்போது, "அக்காவுக்குப் புளிக்குழம்பு ரொம்பப் புடிக்கும்," என்றான். நான் அவன் எதிரில் உட்கார்ந்து புளிக்குழம்புதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அரங்கைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயம் வந்தது. பேயைக் கண்ட பயமல்ல, என்னையே தேடிப் பார்க்கவேண்டியிருக்கிற பயம். இடது கையால் வலது கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் டிரங்க் போர்டில் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கேட்ட நம்பர் எங்கள் வீட்டு நம்பர். இணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். பார்த்தபின் விலகிவிட வேண்டும். நான் விலகவில்லை.

"மதினி, ஒங்க மக சொப்பனத்துல வந்தா," என்றாள் பெரியம்மா. "அரக்குச் சேலை கேட்டா. நானே எடுத்துட்டேன்."

அம்மா, "ம்," என்றாள்.

"ஒண்ணு சொல்லுதேன், பயப்படாதிய. அன்னைக்கு அரங்குக் கண்ணாடியில அவ முகத்தப் பாத்தேன். என்னையே பாத்துக்கிட்டிருந்தா. மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. யார்ட்டயும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "நெத்தியில ஒரு தழும்பு உண்டோ?" என்று கேட்டாள்.

ஹெட்செட் பட்டைக்குக் கீழே என் விரல் தானாகப் போய்த் தழும்பைத் தொட்டது.

"உண்டு," என்றாள் அம்மா. "சின்னப் பிள்ளையில படியில விழுந்துட்டா."

நேரம் முடிந்திருந்தது. அதைச் சொல்லவேண்டியவள் நான். "மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"ஆப்பரேட்டரா? ஒரு நிமிஷம் இரு தாயி," என்றாள் பெரியம்மா.

மறுமுனையில் அம்மா மூச்சுவிடுவது கேட்டது. தான் பெற்றவளின் குரல் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ரிசீவரை வைத்துவிட்டாள். அன்று வீட்டுக்குப் போனபோது போனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காபியை நீட்டும்போது மட்டும் மெதுவாகக் கேட்டாள், "ஒனக்கு அரக்கு பிடிக்கும்லா?"

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை படைப்பு. பெரியம்மா கூட நான்கைந்து பெண்களை அழைத்துக்கொண்டு அரக்குச் சேலையோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்றைக்கும் எனக்கு டூட்டி. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தால் போதும் என்று உத்தரவு. ஆனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனவள். மத்தியானம் கேண்டீனும் மூடியிருந்தது. பசி காதை அடைத்தது. எக்ஸ்சேஞ்சில் இருக்கவும் பிடிக்காமல், ஆற்றங்கரையில் போய் உட்காரவும் பிடிக்காமல், என் வீட்டுக்குப் போக நான் யாரைக் கேட்கவேண்டும் என்று ஒரு ஆத்திரம் வந்து பஸ் ஏறிவிட்டேன்.

முடுக்கு வழியாகத்தான் போனேன், பழகிப்போயிருந்தது. சூரியன் சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம். அடுப்படியில் யாரும் இல்லை. பட்டாசலில் பெண்கள் மாவிளக்கைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அரங்கில் பெட்டிமேல் அந்த அரக்குச் சேலை இருந்தது. பட்டு. எனக்கு யாரும் அதுவரை பட்டெடுத்துத் தந்ததில்லை. கல்யாணத்துக்கு என்று எடுத்துவைப்பதுதானே பட்டு, வராத கல்யாணத்துக்கு யார் எடுப்பார்கள்? செத்தபிறகு எனக்கு வந்திருக்கிறது.

ஆத்திரம்தான், வேறென்ன. கதவைச் சாத்திக்கொண்டு டூட்டிச் சேலையை அவிழ்த்துப் போட்டேன். அரக்குப் பட்டைக் கட்டினேன். பூவை வைத்தேன். பெட்டியிலிருந்த வளையலை மாட்டினேன், அளவாக இருந்தது. பொட்டு வைக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். கை அகலக் கண்ணாடியில் முழு முகம் தெரியாது. நெற்றியும் கண்ணும் மட்டும்தான். அந்தக் கண் யாருடையது என்று உண்மையாகவே ஒரு கணம் தெரியவில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்தவள் என்னைவிடப் பசியாக இருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு பட்டாசலில் போய் நின்றேன்.

சாம்பிராணிப் புகைக்கு நடுவே முதலில் பார்த்தவள் பெரியம்மா. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "வந்துட்டியா தாயி! அதே முகம்! அதே முகம்!" மற்றவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். யாரோ குலவை போட்டார்கள், இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள், பட்டாசல் முழுக்கக் குலவைச் சத்தம். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவைத் தேடினேன். விளக்குக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளும் கைகூப்பியிருந்தாள்.

நடிக்கிறாள் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கண்ணை மூடி, உதடு துடிக்க, பெட்டிக்கு முன்னால் எப்படிக் கும்பிடுவாளோ அப்படியே கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பெற்றவள் என்னை எதிரில் வைத்துக்கொண்டு, நல்லபடி நடத்திக்கொடு என்று என்னையே கேட்டாள். என் வாழ்நாளில் அந்தக் கூப்பிய கையைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"என்ன குறை தாயி?" பெரியம்மா தரையிலிருந்து கேட்டாள். "ஒனக்கு என்ன வேணும்? சொல்லு."

என்ன கேட்டாலும் கிடைத்திருக்கும். வீட்டைக் கேட்டிருக்கலாம். எல்லோர் வாயையும் மூடும்படி ஏதாவது கேட்டிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தபோது உள்ளதுதான் வந்தது.

"பசிக்கு," என்றேன். "காலையில டூட்டிக்குப் போனது. இன்னும் ஒரு வாய் சாப்பிடல."

குலவை பாதியில் நின்றது.

அப்பா தூணை விட்டு வந்தார். அவர் என் பக்கத்தில் வந்து நின்று எவ்வளவோ நாளாயிற்று. "இது கன்னி இல்லம்மா," என்றார் பெரியம்மாவிடம். "எம் மக. மூத்தவ. உசிரோடதான் இருக்கா." பிறகு பெட்டி இருந்த பக்கம் திரும்பினார். "எங்க அக்கா சின்னப் பிள்ளை. அவளுக்குச் சேலை உடுத்தவே தெரியாது," என்று சொல்லிவிட்டு, அத்தனை பெண்களுக்கு நடுவில் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெரியம்மா எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். தழும்பில் விரல் வைத்து அழுத்தினாள்.

"சூடால்லா இருக்கு," என்றாள்.

கல்யாணம் நின்றது என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற தம்பியின் முகம் செத்துப்போயிருந்தது. அந்தம்மாள் அம்மா பக்கம் திரும்பினாள். "உசிரோட இருக்க பிள்ளைக்கா மதினி என்னைய அழ வச்சிய? வீட்டோட ஒரு பிள்ளை இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? மொதல்ல அதுக்குச் சோறு போடுங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா என்னை இத்தனை நாள் முடுக்கில் நடக்கவிட்டார்கள்?

பட்டாசலில் எனக்கு இலை போட்டார்கள். பெரியம்மா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கவளமும் உள்ளே இறங்குகிறதா என்று சோதித்த மாதிரி இருந்தது. மோர் ஊற்றியபிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அம்மா பரிமாற வரவில்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

தம்பி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் சேரன்மகாதேவிப் பெண்களில் சிலர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. மண்டபத்தில் நான் நடந்தால் வழிவிட்டார்கள். ஒரு கிழவி நான் பார்க்காதபோது என் சேலை முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி மனைவியும் வந்த புதிதில் என்னோடு தனியாகப் புறவாசலுக்கு வரமாட்டாள். பழகப் பழகச் சரியாகிவிட்டது. என் நாற்காலி மச்சிலிருந்து இறங்கியது. அம்மாவும் நானும் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. அவளிடம் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது. கையால் காபி வாங்குவேன், முகத்தைப் பார்க்கமாட்டேன்.

அடுத்த தை வந்தது. படைப்புக்கு முந்தின நாள் அரங்குக்குள் போனேன். பெட்டி திறந்திருந்தது. உள்ளே பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி, சின்ன ரவிக்கை. எனக்கு ஒரு கைகூட நுழையாத ரவிக்கை. அத்தைக்கு மறுபடியும் பதினாறு வயதாகிவிட்டது.

"இத அடுத்த வருஷம் யாரு உடுத்துவா?" என்றேன்.

"அவளே உடுத்திக்கிடட்டும்," என்றாள் அம்மா.

பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். சேலை. சாதாரண நூல் சேலை, நீலம். பெட்டிமேல் வைக்கவில்லை, விளக்குக்குக் காட்டவில்லை, கடையிலிருந்து நேரே வந்திருந்தது. "இது ஒனக்கு," என்றாள். வேறு ஏதாவது சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். நான் சேலையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். சாம்பிராணி இல்லை, ஓலை இல்லை. கஞ்சி வாசனை மட்டும் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினேன், முன்வாசல் வழியாக, நல்ல வெயிலில். எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பக்கத்தில் யாரோ ஊரிலிருந்து வந்த உறவுக்காரி. என்னைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மூத்தது இன்னும் வீட்லதான் இருக்கா?"

எதிர்வீட்டம்மாள் பெருமூச்சுவிட வாயைத் திறந்தாள். அதற்குள் எங்கள் வாசலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல், தெருவே கேட்கும்படி வந்தது.

"ஆமா, இருக்கா. எம் மக என்கூடத்தான் இருக்கா."